சீழ்க்கை

முதலில் ஆடியது மேல்வரிசை முன்பல்.
முடிச்சு தளர்ந்த மிதவை மாதிரி,
நாக்கு தொட்டால் மட்டும் ஆடும்.
நான்தான் தொட்டுக்கொண்டே இருந்தேன்.

சும்மா இருந்த பல் அல்ல அது.
நண்டுவலை பொத்தும்போது நைலான் நூலை அறுக்கும்.
குவாட்டர் மூடியைக் கடித்துத் திருகும்.
இருட்டில் வலை இழுக்கிற நேரம்
அதன் பின்னால் நாக்கை மடித்து
ஒரு சீழ்க்கை விட்டேனென்றால்
அடுத்த வள்ளத்தில் கிடக்கும் எஸ்தாக்கி
விளக்கை இரண்டு தரம் அணைத்துப் போடுவான்.
பாம்பனில் அப்படி விட ஆள் கிடையாது
என்று அவனே சொல்லியிருக்கிறான்,
குடிக்காத ஒரு நாளில்.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி. பல் பிரிவு.
டாக்டர் ஹபீபா கீழக்கரைக்காரர்,
என் மகளைவிட நாலு வயது கூட இருக்கும்.
நெற்றி விளக்கோடு குனிந்தபோது
வெளிச்சத்துக்கு ஏறி வந்த கணவாய் மாதிரி
வாயைத் திறந்துவிட்டேன்.

"குடிப்பீங்களா?"
"எப்பவாச்சும்."
"எப்பவாச்சும் குடிக்கிறவருக்கு
பல்லோட உள்பக்கம் இப்படிக் கரையாது.
அடிக்கடி வாந்தி வருமோ?"

விடியக்காலையில் அணியத்தில் குனிந்து கக்கியதை
கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று
வீட்டில் சொல்லி வந்தவன் நான்.
பதினாலு வயதில் கடலுக்குப் போனவன் சொல்கிற பொய்யா அது?
மெர்சிலினா ஒன்றும் கேட்கவில்லை.
பல் மட்டும் அத்தனையையும்
பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது.

எச்சில்தான் ராவெல்லாம் பல்லைக் கழுவும்,
சாராயம் அதை வற்றடித்துவிடும் என்றார்.
வாலிநோக்கத்து உப்புப் பாத்தியாக
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி விடிவது எனக்குத் தெரியும்.
தண்ணீர் வற்றிப்போன கரையில்
பாசி என்ன வாடை அடிக்கும் என்பதையும்
யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.
அவள் முகத்தைத் திருப்பிப் படுப்பது
விசிறிக் காற்றுக்காக என்று நினைத்திருந்தேன்.

ஈறை அழுத்தினார்.
"சீழ்" என்றார்.
மீதிச் சொல் வரும் என்று காத்திருந்தேன்.

முதல் ஊசிக்கு மரக்கவில்லை.
இரண்டாவது ஊசிக்குப் பாதி.
பாரில் சிக்கிய நங்கூரமாக மல்லுக்கட்டும் என்று
நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்தேன்.
சேற்றில் போட்ட கல் மாதிரி
சத்தமே இல்லாமல் வந்துவிட்டது.
ரத்தம்தான் நிற்கவில்லை.
பஞ்சைக் கடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பெஞ்சில்.
ஈரலுக்கு ஒரு சோதனை எழுதித் தந்தார்.

அதற்கு முன்னால், கன்னத்தை ஒதுக்கிப் பார்த்தவர்
கொஞ்ச நேரம் பேசவில்லை.
உள்ளே ஒரு வெள்ளைத் திட்டாம்.
வெந்தய அளவாம்.
"பொகையில உண்டா?" உண்டு.
"ரெண்டும் சேர்ந்தா..." என்று நிறுத்திவிட்டு
"அடுத்த வாரம் கண்டிப்பா வரணும்,
தனியா வராதீங்க" என்றார்.

பாலத்தில் பஸ் ஏறும்போது
சட்டைப் பையில் பல், காகிதத்தில் சுற்றி.
கடலில் போட்டுவிடலாம் என்று எடுத்தேன்.
கண்டக்டர் பார்த்தார். வைத்துக்கொண்டேன்.

நாலாம் நாள் கடலுக்குப் போனேன்.
ஐஸ் பெட்டிக்கு அடியில் குவாட்டர் கிடந்தது.
மூடியைக் கையாலும் திறக்கலாம்,
அது தெரியாமல் இல்லை.
வலை பாதி ஏறியதும் பழக்கத்தில்
நாக்கை மடித்து ஊதினேன்.
வெறுங்காற்று போனது.
இன்னொரு தரம். தாடையில் எச்சில் வழிந்தது,
அவ்வளவுதான்.

கொஞ்சம் கழித்து
அந்தப் பக்கம் விளக்கு இரண்டு தரம் அணைந்தது.
கூப்பிட்டிருப்பேன் என்று
நேரத்தை வைத்து நினைத்துக்கொண்டான் போல.

பதிலுக்குக் காட்ட டார்ச்சைத் தேடினேன்.
நாக்கு ஓட்டைக்குப் போனது.
அங்கிருந்து மெதுவாகக் கன்னத்துக்கு.